லேப்பில் காத்திருக்கும் நேரத்தைச் சிரித்துக் கழிப்பது எப்படி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

உயிரியல் லேப்பில் ஆய்வு மாணவராகவோ உதவியாளராகவோ சேரப் போகிறீர்களா? பாதி நாள் காத்திருப்பிலேயே போகும். டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் ஓடி முடிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் இருப்பது இருபது நிமிடம்தான் என்றாலும், சூடேறி ஆறி மூடியைத் திறக்க ஒன்றரை மணிக்கு மேல் ஆகிவிடும். பாக்டீரியா வளர ஒரு ராத்திரி முழுக்க வேண்டும்.

இந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நான் பட்ட பாட்டை முதலில் சொல்கிறேன். சேர்ந்த மூன்றாவது வாரம், மாலை ஆறரைக்கு, டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லை ஓடவிட்டுவிட்டுத் தே (இங்கே டீக்கு அதுதான் பெயர்) குடிக்கக் கீழே போனேன். நாற்பது நிமிடத்தில் நிறுத்த வேண்டிய ஜெல். திரும்பி வந்து கதவில் அட்டையைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. ஏழு மணிக்கு மேல் உள்ளே போகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. காவலரைத் தேடிப் பிடித்து, மேலாளரை ஃபோனில் பிடித்து உள்ளே போனபோது மணி எட்டேகால். மாதிரியோடு ஓடும் நீலச் சாயம் ஜெல்லைத் தாண்டி இறங்கி, சுற்றியிருக்கும் பஃபர் திரவத்தில் கரைந்திருந்தது. மூன்று நாள் உழைப்பும் அதோடு போயிற்று. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது. அதே நேரம், காத்திருப்பு முழுவதையும் ஃபோனைத் தேய்த்தே கழிக்கவும் வேண்டாம். லேப் நண்பர்களோடு விளையாடிச் சிரிக்க எத்தனையோ வழி இருக்கிறது. இனி வரிசையாகச் சொல்கிறேன்.

1. விளையாட்டுக்கு முன்னால் காகிதங்கள்

நான்கு அனுமதிகள் கையில் வரும்வரை வேறு எதிலும் இறங்காதீர்கள். முதலாவது, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ். பெரும்பாலும் இணையத்திலேயே பாடமும் கேள்வித்தாளும் இருக்கும், ஒரு முழு மதியத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் அபாய மதிப்பீடு. நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனைக்கும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும், படித்ததற்கு உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும். மூன்றாவது, கருவிகளுக்கான பயிற்சியும் முன்பதிவுக் கணக்கும். நான்காவதுதான் என்னைக் கவிழ்த்தது: வேலை நேரத்துக்குப் பிந்தைய அனுமதி. அட்டை கையில் கிடைத்த அன்றே, "இது எத்தனை மணி வரைக்கும் வேலை செய்யும்?" என்று கேட்டுவிடுங்கள். இரவில் தனியாக வேலை செய்யக் கூடாது, துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு.

இவை எதற்கும் உங்கள் பையிலிருந்து காசு போகாது. நாள்தான் போகும். எனக்கு எல்லாம் முடிய இரண்டரை வாரம் ஆயிற்று.

மனித ரத்தமோ திசுவோ கையாளும் லேப் என்றால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்கலாம். மூன்று ஊசியும் முடிய வழக்கமாக ஆறு மாதம் ஆகும். அதனால் ஊரில் போட்டவர்கள் சான்றை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

2. டைமரைக் கழுத்தில் போடுங்கள்

எங்கள் லேப்பில் வேலை அனுபவம் மிகுந்த தமிழ் அக்கா ஒருவர் இருக்கிறார். ஜெல் போன மறுநாள் அவர் என் பெஞ்சுக்கு வந்து, "தம்பி, டைமர பெஞ்சுல வச்சா அது பெஞ்சுக்குத்தான் மணி அடிக்கும். கழுத்துல போடு" என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் பழைய டைமர் ஒன்றை அட்டைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார். பின்னால் காந்தம் ஒட்டிய, ஓரம் உடைந்த வெள்ளை டைமர். இன்றும் அதுதான் என்னிடம் இருக்கிறது.

டைசோ கடையில் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சத்திலிருந்தே பொருள்கள் கிடைக்கும். சமையல் டைமர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும். ஃபோன் அலாரத்தை நம்பாதீர்கள். கை உறையோடு ஃபோனைத் தொடக் கூடாது, உறையைக் கழற்றுவதற்குள் நேரம் தாண்டிவிடும். 45 நிமிட ஜெல்லுக்கு 35-இல் மணி வையுங்கள். அந்தப் பத்து நிமிடம் லிஃப்டுக்கும் வரிசைக்கும் மழைக்கும்.

இன்னொரு பழக்கம்: நீங்கள் விட்டுப் போகும் எந்தப் பொருளின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பெயர், முடியும் நேரம், ஃபோன் எண். உங்களால் வர முடியாமல் போனால் வேறொருவர் நிறுத்திவிடுவார். அன்றைக்கு என் ஜெல் தொட்டியில் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், உள்ளே வேலை செய்துகொண்டிருந்த யாராவது மின்சாரத்தை அணைத்திருப்பார்கள்.

3. ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம்: நாக்குப் பயிற்சி

மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஒரு நிமிடம் சுற்றும், பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏவைப் புகுத்தும் ஹீட் ஷாக் 42 டிகிரியில் 45 வினாடி. இந்தச் சின்ன இடைவெளிகளில் இடத்தை விட்டு நகராதீர்கள். அதிலும் சென்ட்ரிஃபியூஜ் முழு வேகம் எட்டும்வரை அதன் பக்கத்திலேயே நில்லுங்கள். எடை சரிசமமாக வைக்கப்படாவிட்டால் அது அதிரத் தொடங்குவது அப்போதுதான், உடனே நிறுத்த வேண்டியதும் அப்போதுதான்.

வேகம் எட்டிய பிறகு வாய் சும்மாதானே இருக்கிறது? எங்கள் லேப்பில் நா பிறழ் வாக்கியம் சொல்லும் ஆட்டம் ஆடுவோம். "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு பிடி நரைமயிர்" என்பதைச் சென்ட்ரிஃபியூஜ் நிற்பதற்குள் மூன்று தடவை பிசகாமல் சொல்ல வேண்டும். சீன நண்பர்களுக்கு நரி கடினம் என்றால் "வாழைப்பழம்" ஒன்றே போதும். எதிர் பெஞ்சுக்காரி அந்த ழகரத்துக்காக ஒரு வாரம் நாக்கை மடித்து மடித்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரியாக வந்ததும், திரவம் அளந்து விடும் பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். பதிலுக்கு அவள் சொல்லித் தந்தது "ஸு ஷு ஸு, ஷு ஷு ஷு" என்று போகும் மாண்டரின் வாக்கியம். நாலு நாலுதான், பத்து பத்துதான் என்று அர்த்தம். ஸகரமும் ஷகரமும் குரலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து என் நாக்கை இன்னும் படுத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. கிருமி புகாமல் வேலை செய்வதற்கான பயோசேஃப்டி கேபினட்டுக்குள் ஒருவர் செல் வளர்ப்பு வேலையில் இருந்தால் அவரைச் சிரிக்க வைக்காதீர்கள். கை ஆடினால் கிருமி புகுந்துவிடும்.

4. அரை மணியிலிருந்து முக்கால் மணி: பட்டை ஜோசியம்

ஜெல் ஓடும் நேரத்துக்கு இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளில் ஜெல்லைப் போலக் கட்டம் வரைந்து, எந்தக் குழியில் எந்த உயரத்தில் பட்டை (டிஎன்ஏ நிற்கும் கோடு) வரும் என்று ஆளுக்கொரு வண்ணப் பென்சிலால் கோடு போடுங்கள். ஜெல்லை ஓடவிடும் முன்பே தாளை மடித்து ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். படம் எடுத்ததும் தாளைப் பிரித்து ஒப்பிடுங்கள். அதிகம் தப்பாகச் சொன்னவர் தொட்டியைக் கழுவ வேண்டும். காசு வைத்து ஆடாதீர்கள், லேப்பில் மனக்கசப்புக்கு அது ஒன்றே போதும்.

பட்டை எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டி யோசித்திருப்பதால், வராத இடத்தில் வந்தால் உடனே கண்ணில் படும். பிசிஆரைத் தொடங்கி வைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டான ப்ரைமரில் இருந்த பிழை ஒன்றை நாங்கள் இந்தத் தாளை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஐந்து பேரும் ஒரே உயரத்தில் கோடு போட்டிருந்தோம், பட்டையோ அதற்கு வெகு கீழே நின்றது.

கொஞ்சம் புதியவர்களோடு இருந்தால் சாயப் பந்தயம் வையுங்கள். மாதிரியோடு கலக்கும் சாயமான லோடிங் டையில் இரண்டு நீலம் இருந்தால், அடர்நீலமான புரோமோஃபீனால் புளூ முன்னால் ஓடும், சைலீன் சயனால் பின்னால் ஆடி அசைந்து வரும். எது ஜெயிக்கும் என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு மேல் செல்லாது, அதற்குள் விடை தெரிந்துவிடும்.

5. ஒரு மணி நேரம்: எடைப் போட்டியும் குழிக் கோலமும்

புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் பிளாக்கிங் ஒரு மணி, ட்ரான்ஸ்ஃபர் ஒரு மணி, இரண்டாம் ஆன்டிபாடி ஒரு மணி என்று அடுக்கடுக்காக வரும். இந்த நேரத்துக்கென்றே இரண்டு விளையாட்டு வைத்திருக்கிறேன்.

முதலாவது எடைப் போட்டி. நான்கு தசமம் காட்டும் தராசு, ஒரு சின்னக் குப்பி, வாலை வடிநீர், அவரவர் பைப்பெட். நூறு மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடை 25 டிகிரியில் 0.0997 கிராம். ஆளுக்குப் பத்து தடவை விட்டு, அந்த எண்ணுக்கு யார் மிக அருகில் வருகிறார் என்று பாருங்கள். தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டுத்தான் எண்ணைப் படிக்க வேண்டும், ஏசிக் காற்றுக்கே கடைசி இலக்கம் ஆடும். ஐந்தாவது தடவைக்கு மேல் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம், தராசு எண் நிலைக்கும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கத்துவார்.

ஒருமுறை என் எண்கள் பத்தும் 0.094-இல் வந்து நின்றன. கை பழகவில்லையோ என்று நினைத்தேன். அக்கா என் பைப்பெட்டை வாங்கி விட்டுப் பார்த்தார், அவருக்கும் 0.094 தான். உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. இரண்டு மாதமாக நான் அளந்ததெல்லாம் நூற்றுக்கு ஆறு குறைவு! உங்களுக்குக் கொடுத்திருக்கும் பைப்பெட்டை வந்த முதல் வாரமே இப்படி விளையாடிப் பாருங்கள். தப்பு தெரிந்தால் மேலாளரிடம் சொல்லுங்கள், சரிபார்க்க வெளியே அனுப்புவார்கள். திரும்பி வரச் சில வாரம் ஆகலாம், அதுவரை மாற்றுப் பைப்பெட் கேளுங்கள். தராசு எல்லோருக்கும் பொது. ஆடி முடித்ததும் சிந்திய துளியைத் துடைத்துவிட்டு, பதிவேட்டில் பெயரும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கோலம். 96 குழித் தட்டைப் பார்த்த முதல் நாளே எனக்கு அம்மா வைக்கும் புள்ளிதான் நினைவுக்கு வந்தது. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, அப்படியே புள்ளிக் கோலத்துக்கென்று செய்த தட்டு. ஏ முதல் எச் வரை எழுத்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண். தீபாவளி வாரம், காலாவதியாகித் தூக்கி எறிய வைத்திருந்த தட்டுகளைக் கேட்டு வாங்கினேன். உணவுச் சாயம் கரைத்த தண்ணீரால் நடுவில் ஒரு விளக்கும் சுற்றிலும் மஞ்சள் புள்ளிகளும் வைத்தேன். குழிக்கு 150 மைக்ரோலிட்டர். எட்டு முனைப் பைப்பெட்டால் ஒரு பத்தியை ஒரே அழுத்தில் நிரப்பலாம், ஆனால் விளக்கின் வளைவுக்கு ஒவ்வொரு குழியாகத்தான் போக வேண்டும். பாதியில் எதிர் பெஞ்சுக்காரி வந்து சிவப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். ஆறு தட்டைச் சேர்த்து வைத்து, கீழிருந்து வெளிச்சம் தரும் மேசையில் ஏற்றியதும், குழி ஒவ்வொன்றும் அகல் மாதிரி ஒளிர்ந்தது. வீட்டுக்குப் போக முடியாத தீபாவளி அது. படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "எட்டுக்குப் பன்னெண்டு நேர்ப்புள்ளியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

சாயப் பாட்டில் லேப்புக்குள் வந்தபின் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. வாங்கிய அன்றே "உண்பதற்கல்ல" என்று எழுதி ஒட்டுங்கள். புதுத் தட்டைக் கோலத்துக்குப் பிரிக்கவே வேண்டாம், அது ஆய்வுப் பணம்.

உயிருள்ள பாக்டீரியாவால், அது வளரும் கூழான அகாரில் ஓவியம் போடவும் சிலருக்கு ஆசை வரும். அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2015-இலிருந்து அதற்குப் போட்டியே வைக்கிறது. செய்யலாம், ஆனால் ஆர்.ஏ.யும் மேற்பார்வையாளரின் எழுத்து அனுமதியும் வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் திடீரென்று தொடங்கும் காரியமல்ல.

6. இரண்டு மணி நேரம்: வெளியே கிளம்பலாம்

பிசிஆர் மட்டும் ஓடுகிறது என்றால் தைரியமாகப் போங்கள். முடிந்ததும் கருவியே நான்கு டிகிரிக்கோ பத்து டிகிரிக்கோ குளிர்வித்து வைத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள், அரை மணி தாமதித்தால் குடி முழுகாது. ஜெல் ஓடும்போது இப்படிப் போகாதீர்கள். கோட்டையும் உறையையும் கழற்றிக் கை கழுவி, அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆய்வுக்கூடங்கள் நிறைந்த பயோபோலிஸ் பக்கம் வேலை என்றால் கிம் மோ உணவங்காடிக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கோப்பி வரிசையில் ஆட எங்களிடம் ஓர் ஆட்டம் இருக்கிறது. ஒருவருக்கு வேண்டியதை அடுத்தவர் சொல்ல வேண்டும். 'ஓ' என்றால் பால் இல்லை, 'சி' என்றால் ஆவிப்பால், 'கோசோங்' சீனியில்லாமல், 'சியு தாய்' சீனி குறைவாக, 'காவ்' திடமாக, 'பெங்' பனிக்கட்டியோடு. "தே சி காவ் சியு தாய் பெங்" என்று தடுமாறாமல் சொல்லி, கேட்டபடியே வந்தால் வெற்றி. பின்னால் நீண்ட வரிசை நிற்கும்போது ஆடாதீர்கள், ஆன்ட்டிக்கு வேலை கெடும். குடித்ததும் தட்டையும் கோப்பையையும் அதற்குரிய இடத்தில் வைத்துவிடுங்கள். 2021-இலிருந்து அது சட்டம். முதல் முறை எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் இருப்பவர்களுக்கு லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகளின் கழுத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். உங்கள் பல்கலைக்கழக அட்டைக்குச் சலுகை உண்டா என்று போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வளாகப் பேருந்து இலவசம்தான், ஆனாலும் திரும்பி வர இருபது நிமிடம் கணக்கில் வையுங்கள்.

வெளியே போகப் பிடிக்காத நாளில் நாங்கள் பேன்ட்ரியில் உட்கார்ந்து இரட்டிப்பு ஆடுவோம். பிசிஆரின் ஒவ்வொரு சுற்றுக்கும் டிஎன்ஏ இரண்டு மடங்காகும் அல்லவா? ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று ஆளுக்கொரு சுற்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பதினாறாவது சுற்றில் அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. அதற்கு மேல் போனவர் எங்களில் ஒரே ஒருவர்தான். முப்பத்தைந்தாவது சுற்றுக்கு 3,435 கோடியைத் தாண்டும். அதைத் தாளில்தான் எழுத முடியும்.

7. எவ்வளவு சிரிப்பு வந்தாலும் இவை வேண்டாம்

உலர் பனியைச் சின்னக் குழாயில் போட்டு மூடி, "டப்" என்று தெறிக்க விடுவதை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். கை வைக்காதீர்கள். மூடிய குழாயில் வாயு அடைந்து வெடித்தால் துண்டு கண்ணில்தான் பாயும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, அதில் பூ, பழம் முக்கி விளையாடுவதும் கூடாது. இவை இரண்டும் சின்ன மூடிய அறையில் மூச்சுக்கு வேண்டிய காற்றையே விரட்டிவிடும்.

அடுத்தவர் மாதிரியை ஒளித்து வைப்பது, குழாயில் பொய்யாக "ஆபத்து" என்று எழுதி ஒட்டுவது, இரண்டையும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பொய்ச் சீட்டை நிஜமென்று நம்பி ஒருவர் தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்குமான 995-ஐ அழைத்துவிட்டால் கட்டடமே காலியாகும். ஆன்டிபாடிக் குப்பி ஒன்று பல நூறு வெள்ளி, ஒளித்த இடத்தில் சூடேறினால் வீண்.

லேப்புக்குள் தின்பதும் குடிப்பதும், மிட்டாய் உட்பட, கூடவே கூடாது. படம் எடுப்பதாக இருந்தால் திரையில் யாருடைய தரவாவது தெரிகிறதா என்று பாருங்கள், வெளியிடாத முடிவு வெளியே போனால் உங்கள் இடத்துக்கே ஆபத்து. உறையை ஊதிக் கோழி செய்யலாமா என்று கேட்பீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த புது உறையை, பேன்ட்ரியில் வைத்துச் செய்யுங்கள். லேப்பில் மாட்டிய உறை வாய்ப் பக்கமே வரக் கூடாது.

8. ராத்திரி முழுக்க: காலனி எண்ணிக்கை

அகார் தட்டை 37 டிகிரியில் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இரவில் தங்கிக் காவல் காப்பதால் ஒரு பயனும் இல்லை. எம்ஆர்டி ரயில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும், அதைத் தவறவிட்டால் டாக்சிக்கு நள்ளிரவுக் கூடுதல் கட்டணம் வேறு. போகும் முன், எத்தனை காலனி (தட்டில் புள்ளியாகத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்) வரும் என்று ஆளுக்கொரு எண்ணை ஒட்டுச்சீட்டில் எழுதி இன்குபேட்டர் கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்தவர் எழுதிய எண்ணை யாரும் எழுதக் கூடாது.

பதினாறு மணியிலிருந்து பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தட்டை அதற்கு மேல் விட்டால் பெரிய காலனியைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக வேண்டாதவை முளைக்கும். அதையும் சேர்த்து எண்ணலாமா கூடாதா என்று எங்கள் லேப்பில் ஒரு காலை முழுக்க வாக்குவாதம் நடந்தது. கூடாது, அவற்றுக்குள் நீங்கள் புகுத்திய டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் இருக்காது. தட்டின் பின்புறத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுங்கள், ஒரே காலனியை இரண்டு முறை எண்ண மாட்டீர்கள். முந்நூறுக்கு மேல் தெரிந்தால் தட்டை நாலாகக் கோடிட்டு ஒரு கால் பகுதியை மட்டும் எண்ணி நாலால் பெருக்குங்கள். சரியான எண்ணுக்கு மிக அருகில் வந்தவருக்கு மற்றவர்கள் அன்று முழுக்க பைப்பெட் முனைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்க வேண்டும்.